டுஷேன் தசைச் சிதைவு: மரபணு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பையனுக்கு டுஷேன் தசைச் சிதைவு (டி.எம்.டி.) என்று சொல்லி, கையில் ஒரு மரபணு ரிப்போர்ட்டைக் கொடுத்திருப்பார்கள். அதில் "டெலீஷன், எக்ஸான் 48–50" (மரபணுவில் அந்த எண்ணுள்ள துண்டுகள் இல்லை என்று பொருள்) என்பது போல ஒரு வரி இருக்கும். எந்த மருந்து பொருந்தும், அடுத்த பிள்ளைக்கு வருமா, அக்கா தங்கைகள் சோதித்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் அந்த வரியில்தான் தொடங்குகிறது. அதைப் படிக்கும் விதத்துக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்த மரபணுவில் பழுது?

டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தைச் செய்யும் மரபணுவில். எக்ஸ் குரோமோசோமின் குட்டைக் கையில், 21 என்று எண்ணிட்ட பகுதியில் இருக்கிறது. மனித மரபணுக்களில் மிக நீளமானவற்றில் ஒன்று: சுமார் 22 லட்சம் எழுத்துகள். அவ்வளவும் புரதத்துக்கான குறிப்பு அல்ல. 79 துண்டுகள்தான் (எக்ஸான்கள்) செல்லால் படிக்கப்படும். இடையில் உள்ள நீண்ட இன்ட்ரான்கள் வெட்டி எறியப்படும். வெட்டி ஒட்டிய பிறகு மிஞ்சும் செய்தி சுமார் 14,000 எழுத்து. அதிலிருந்து 3,685 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் உருவாகிறது. இந்த மரபணுவை ஒரு முறை நகலெடுத்து முடிக்கவே செல்லுக்குச் சுமார் 16 மணி நேரம் ஆகிறது.

டிஸ்ட்ரோஃபின் தசை நாரின் உள்ளே இருக்கும் ஆக்டின் இழைகளை வெளிச்சவ்வோடு பிணைத்து வைக்கிறது. அது இல்லாத தசை சுருங்கி விரியும்போதெல்லாம் சவ்வில் சிறு கிழிசல்கள் விழுகின்றன. கால்சியம் உள்ளே புகுகிறது, கிரியேட்டின் கைனேஸ் (சி.கே.) வெளியே கசிகிறது. நார்கள் செத்துச் செத்து மறுபடி முளைக்கின்றன. ஒரு கட்டத்தில் முளைப்பது ஈடுகொடுக்காமல் போய், அந்த இடத்தைக் கொழுப்பும் தழும்புத் திசுவும் பிடித்துக்கொள்கின்றன. கெண்டைக்கால் பருத்துத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சி.கே. ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஈரல் டெஸ்ட்டும் கூடுதலாக வந்தது. ஈரலிலும் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற நொதிகள் தசையிலும் உண்டு; தசை சிதைந்தால் அவையும் ரத்தத்தில் ஏறும். ஜி.ஜி.டி. அளவைப் பாருங்கள். அது தசையில் இல்லாததால், இயல்பாக இருந்தால் ஈரல் மீதான சந்தேகம் வலுவிழக்கும். காரணம் தெரியாமல் ஏ.எல்.டி. உயர்ந்திருக்கும் பையனுக்கு, ஈரலில் ஊசி விட்டுத் திசு எடுப்பதற்கு முன் சி.கே. பார்த்துவிடுவது நல்லது. இந்த ஒரு டெஸ்ட்டைத் தவறவிட்டு மாதக்கணக்கில் ஈரல் வைத்தியம் பார்ப்பது இன்னமும் நடக்கிறது.

டுஷேன், பெக்கர் இரண்டும் ஒரே மரபணுதானே? பிறகு ஏன் ஒன்று கடுமை, ஒன்று லேசு?

ஒரே மரபணுதான்; அதன் பழுதால் வரும் லேசான தசைச் சிதைவுக்குத்தான் பெக்கர் என்று பெயர். வித்தியாசம் 1988-ல் விளங்கியது. செல் இந்தச் செய்தியை மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஒரு அமினோ அமிலம். தமிழில் ஒரு வரி எடுத்துக்கொள்வோம், எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள்:

குயில் தினம் இங்கு வந்து பாடும்

"தினம்" என்ற சொல் முழுதாகப் போனால் "குயில் இங்கு வந்து பாடும்". கொஞ்சம் குறைகிறது, ஆனால் பொருள் நிற்கிறது. அதே சொல்லில் "ன" என்ற ஒரே எழுத்து மட்டும் போனால், மும்மூன்றாகவே படிக்கும் செல்லுக்கு இப்படித் தெரியும்:

குயில் திம்இ ங்குவ ந்துபா டும்

போன இடத்துக்குப் பிறகு எல்லாம் உளறல். மரபணுவில் இப்படி உளறும்போது சில சொற்கள் தள்ளியே "நிறுத்து" என்ற குறியீடு தற்செயலாக வந்துவிடும். புரதம் பாதியில் அறுந்து, செல்லால் அழிக்கப்படும். இது டுஷேன். முதல் வகையில் நடுவில் ஒரு துண்டு இல்லாவிட்டாலும் இரு முனைகளும் உள்ள, குட்டையான ஆனால் வேலை செய்யும் புரதம் கிடைக்கிறது. இது பெக்கர். ரிப்போர்ட்டில் "அவுட் ஆஃப் ஃபிரேம்" என்றால் உளறும் வகை, "இன் ஃபிரேம்" என்றால் பொருள் நிற்கும் வகை.

எங்கள் ரிப்போர்ட்டில் அது எழுதப்படவில்லை. நாங்களே கணக்குப் போடலாமா?

எக்ஸான் இழப்பு, இரட்டிப்பு இரண்டுக்கும் போடலாம். ஒவ்வொரு எக்ஸானிலும் எத்தனை எழுத்து என்று தெரிந்தால் போதும். இழப்புகள் மிக அதிகமாக நிகழும் பகுதியின் அளவுகள் இவை:

எக்ஸான் 44: 148, 45: 176, 46: 148, 47: 150, 48: 186, 49: 102, 50: 109, 51: 233, 52: 118, 53: 212, 54: 155, 55: 190.

போன எக்ஸான்களின் எழுத்துகளைக் கூட்டி 3-ஆல் வகுங்கள். மீதி இல்லாவிட்டால் சட்டகம் (மும்மூன்றாகப் படிக்கும் வரிசை, அதாவது ஃபிரேம்) காப்பாற்றப்பட்டது.

48 முதல் 50 வரை போயிருந்தால் 186 + 102 + 109 = 397. மூன்றால் வகுத்தால் 132, மீதி 1. டுஷேன் எதிர்பார்க்கலாம். 45 முதல் 47 வரை போயிருந்தால் 176 + 148 + 150 = 474. வகுத்தால் சரியாக 158. பெக்கர்.

பெரிய துண்டு போனால்தானே கடுமை அதிகம்?

இல்லை. 45 முதல் 55 வரை பதினொரு எக்ஸான் போனால் 1,779 எழுத்து, 3-ஆல் சரியாக வகுபடும். பெரும்பாலும் லேசான பெக்கராகவே இருக்கிறது. எக்ஸான் 52 மட்டும் போனால் 118 எழுத்துதான், ஆனால் டுஷேன். புரதக் குறிப்பில் 46% போயும் 61 வயதில் நடந்துகொண்டிருந்த ஒருவரைப் பற்றி 1990-ல் மருத்துவ உலகம் அறிந்தது. பின்னாளில் குட்டை டிஸ்ட்ரோஃபின் செய்யும் மரபணுச் சிகிச்சைக்கு அந்த ஒருவர்தான் விதை.

இந்தக் கணக்கு எப்போதும் பலிக்குமா?

பத்தில் ஒன்பது பேருக்குப் பலிக்கும். பிசகும் இடங்கள் தெரிந்தவைதான். எக்ஸான் 3–7 இழப்பு கணக்குப்படி சட்டகம் கெட்டது. ஆனால் செல் அதற்குப் பின்னால் இன்னோர் இடத்திலிருந்து படிக்கத் தொடங்கிச் சமாளிப்பதால் பலர் லேசாகவே இருக்கிறார்கள். எதிர்த்திசையிலும் பிசகும்: சட்டகம் சரியாக இருந்தாலும், ஆக்டினைப் பிடிக்கும் முன்முனையிலோ, சவ்வோடு கோக்கும் 64–70 எக்ஸான் பகுதியிலோ பெரிய துண்டு போயிருந்தால் நோய் கடுமையாகும். கயிற்றின் நடுவில் ஒரு முழம் குறைந்தால் இழுத்துக் கட்டலாம், முடிச்சே இல்லாவிட்டால் கட்ட முடியாது. ஆகவே மூன்று வயதுப் பையனின் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து "இது பெக்கர்தான்" என்று யாராவது அடித்துச் சொன்னால், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். தசையில் டிஸ்ட்ரோஃபின் எவ்வளவு இருக்கிறது என்பதும், பையனின் நடையும் சேர்ந்துதான் முடிவைச் சொல்லும்.

எந்த டெஸ்ட்டை எந்த வரிசையில் எடுப்பது?

முதலில் எம்.எல்.பி.ஏ. இது 79 எக்ஸான்களையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறது. பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு எக்ஸான் இழப்பு, சுமார் பத்தில் ஒருவருக்கு இரட்டிப்பு. இந்த இரண்டையும் எம்.எல்.பி.ஏ. பிடித்துவிடும்.

முடிவு ஒரு விகிதமாக வரும். பையனுக்கு எக்ஸான் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0, இரட்டித்திருந்தால் 2. பெண்ணிடம் இரண்டு எக்ஸ் இருப்பதால், ஒன்றில் மட்டும் இழப்பு என்றால் 0.5, இரட்டிப்பு என்றால் 1.5.

ஒரே ஒரு எக்ஸான் மட்டும் இல்லை என்று வந்தால் அப்படியே நம்ப வேண்டாம். சோதனையின் ஒட்டுத்துண்டு உட்காரும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது ஒட்டாமல், எக்ஸானே இல்லாதது போலக் காட்டும். வேறு முறையில் ஒரு முறை உறுதிசெய்யச் சொல்லுங்கள். வேண்டியது ஒரு பி.சி.ஆர். அவ்வளவுதான்.

பழைய மல்டிபிளெக்ஸ் பி.சி.ஆர். ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: அது 18, 20 எக்ஸான்களை மட்டும் பார்த்தது. இழப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பல நேரம் தெரியாது, இரட்டிப்பைக் காட்டாது, தாயின் நிலையைச் சொல்லாது. முனை எண்கள் தெரியாமல் மேலே போட்ட கணக்கைப் போட முடியாது என்பதால், எம்.எல்.பி.ஏ. மறுபடி எடுப்பது வீண் செலவில்லை.

எம்.எல்.பி.ஏ.வில் எதுவும் இல்லையென்றால் அடுத்தது எக்ஸான்களையும் அவற்றின் ஓரங்களையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்ஸிங். ஓர் எழுத்து மாறி இடையிலேயே "நிறுத்து" வந்துவிடும் நான்சென்ஸ் மாற்றம், ஓரிரு எழுத்துச் சேர்க்கை அல்லது இழப்பு, எக்ஸான்களை வெட்டி ஒட்டும் இடத்தில் பிழை ஆகியவை இதில் தெரியும்.

இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. அப்படியானால் டுஷேன் இல்லையா?

அப்படி முடிவு கட்ட முடியாது. இன்ட்ரானின் நடுவில் விழும் பிழை வழக்கமான சீக்வென்ஸிங்கில் தப்பிவிடும். தசைத் துண்டு எடுத்து, டிஸ்ட்ரோஃபின் சாயம் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ஏறாவிட்டால் அந்தத் துண்டிலிருந்தே ஆர்.என்.ஏ.வை (வெட்டி ஒட்டிய செய்தியின் நகலை) பிரித்துப் படித்தால் பிழை எங்கே என்று தெரியும். துண்டு எடுத்த உடனேயே உறைய வைக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டுவிட்டால் ஆர்.என்.ஏ. தேறாது. இதை எடுப்பதற்கு முன்பே சொல்லி வையுங்கள். சாயம் சரியாக ஏறினால், சார்கோகிளைகன் (தசைச் சவ்வில் உள்ள வேறு புரதங்கள்) குறைபாடு போன்ற தோள்-இடுப்பு வகைத் தசைச் சிதைவுகளைத் தேட வேண்டும். வெளிப்பார்வைக்கு அவை டுஷேன் போலவே இருக்கும்.

கர்ப்ப காலத்தில் ஏதாவது செய்ததால் வந்ததா?

இல்லை. உணவு, மருந்து, மன அழுத்தம், எதுவும் காரணமில்லை.

நெருங்கிய உறவில் திருமணம் செய்ததால் வந்ததா?

டுஷேனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இது தாயின் எக்ஸ் வழியாக மட்டும் வருவது. மேலே சொன்ன சார்கோகிளைகன் வகைகள் அப்படியல்ல: தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய். பெற்றோர் உறவினர் என்றால் அவற்றின் வாய்ப்பு கூடும். பெண் குழந்தைக்கு டுஷேன் போன்ற அறிகுறி இருந்தாலும் இவற்றைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

தாய் கட்டாயம் கேரியராக இருப்பாரா?

மூன்றில் இரண்டு பங்குத் தாய்மார் கேரியர்கள், அதாவது தங்கள் இரண்டு எக்ஸில் ஒன்றில் பழுதைச் சுமப்பவர்கள். மீதி ஒரு பங்குப் பையன்களுக்கு மாற்றம் புதிதாக உண்டானது. மரபணு இவ்வளவு நீளமாக இருப்பதால் புதுப் பிழைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதால் தாய் கேரியர் இல்லை என்று ஆகாது. இரண்டு மூன்று தலைமுறையாகப் பெண்களே பிறந்திருந்தால் நோய் வெளியில் தெரியாமலே வந்திருக்கும். தாய்மாமன், பாட்டியின் உடன்பிறந்த ஆண்கள் என்று தாய்வழியில் சிறு வயதிலேயே நடை இழந்தவர்கள் உண்டா என்று விசாரியுங்கள்.

சி.கே. பார்த்துத் தாயின் நிலையை முடிவு செய்யக் கூடாது. கேரியர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இயல்பாகவே இருக்கும். பையனிடம் கண்ட அதே மாற்றத்தைத் தாயிடம் தேடுவதே சரியான டெஸ்ட்.

கேரியர் என்றால் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50%, ஒவ்வொரு மகளும் கேரியராக 50%. முதல் பையனுக்கு வந்துவிட்டதால் அடுத்தவன் தப்பித்தான் என்பதில்லை. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் கணக்கு புதிதாகத் தொடங்கும்.

தாயின் ரத்தத்தில் மாற்றம் இல்லை. அடுத்த பிள்ளைக்குப் பயமில்லையா?

இந்தப் பதிலைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ரத்தத்தில் இல்லாத மாற்றம், தாயின் கருமுட்டைகளில் ஒரு பகுதியில் மட்டும் இருக்கலாம். அப்படியானால் அது இன்னொரு பிள்ளைக்கும் போகும். ரத்தச் சோதனையால் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆகவே தாய் "நெகட்டிவ்" என்றாலும் அடுத்த கர்ப்பத்தில் சோதிக்கும் வாய்ப்பைக் கொடுப்பதுதான் முறை. பையனின் அக்கா, தங்கைகளையும் இதே காரணத்துக்காகச் சோதிக்க வேண்டும்.

ஆனால் சித்தி, பெரியம்மாவுக்கு இது பொருந்தாது. மாற்றம் தாயிடமே தொடங்கியது என்றால் அவருடைய சகோதரிகளுக்கு அது போயிருக்க வழியில்லை. தாய் பாசிட்டிவ் என்றால்தான் அவர்களுடைய முறை வருகிறது. முடிந்தால் பாட்டியிலிருந்து தொடங்குங்கள்.

கேரியருக்கு உடம்பில் ஒன்றும் ஆகாதுதானே?

பெரும்பாலோருக்குத் தசையில் ஒன்றும் தெரியாது. சிலருக்குக் கால் வலி, படியேறும்போது தளர்ச்சி வரும். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்துவிடும்; நல்ல எக்ஸ் அதிகமான செல்களில் அணைந்திருந்தால் அறிகுறி வெளிப்படும். அபூர்வமாக டுஷேன் அளவுக்கே போகலாம்.

கவலைப்பட வேண்டியது இதயத்துக்காக. தசை நன்றாக இருக்கும் கேரியருக்கும் வயது ஏற ஏற இதயத் தசை தளரலாம். கேரியர் என்று தெரிந்ததும் ஒரு எக்கோவும் ஈ.சி.ஜி.யும், பிறகு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒரு முறை, கர்ப்பம் தரிப்பதற்கு முன் கட்டாயம் ஒன்று.

பெக்கர் உள்ளவர் தந்தையானால்?

மகன்களுக்கு வராது, அவர்களுக்கு அவர் கொடுப்பது ஒய். மகள்கள் அனைவரும் கேரியர்.

பேசத் தாமதம், படிப்பில் தடுமாற்றம். இதுவும் மரபணுவாலா?

இருக்கலாம். இந்த மரபணு தசைக்கு ஒரு பெரிய டிஸ்ட்ரோஃபினைச் செய்வதோடு, நடுவில் வேறு வேறு இடங்களில் தொடங்கி மூளைக்கும் குட்டை வடிவங்களைச் செய்கிறது. ஒன்று எக்ஸான் 44-க்குப் பிறகு தொடங்குகிறது, இன்னொன்று 62-க்குப் பிறகு. பழுது மரபணுவின் பின்பாதியில் இருந்தால் அந்த வடிவங்களும் சேர்ந்து கெடும். கற்றல் சிரமத்தின் வாய்ப்பு கூடும். தசை போலத் தேயும் கோளாறு அல்ல இது. பேச்சுப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கினால் பலன் உண்டு.

டிரைகிளிசரைடு பயங்கரமாக உயர்ந்திருக்கிறது, ஆனால் ரத்தம் தெளிவாக இருக்கிறது என்கிறார்கள்.

அபூர்வம், ஆனால் விட்டுவிடக் கூடாத குறி. டிஸ்ட்ரோஃபினின் பக்கத்து மரபணுக்களும் சேர்ந்து போயிருக்கலாம். கிளிசரால் கைனேஸ் மரபணு போனால் ரத்தத்தில் கிளிசரால் தேங்கும்; லேப் கருவி அதையே டிரைகிளிசரைடு என்று கணக்கிட்டுவிடும். அதற்கு அடுத்த மரபணுவும் போயிருந்தால் அட்ரீனல் சுரப்பி வேலை செய்யாது. காய்ச்சல், வாந்தி நேரத்தில் குழந்தை சுருண்டுவிடும் ஆபத்து அது. கார்டிசால், சோடியம், சர்க்கரை உடனே பார்க்கப்பட வேண்டும்.

எக்ஸான் ஸ்கிப்பிங் மருந்து எங்கள் பையனுக்குப் பொருந்துமா?

மறுபடி குயிலுக்குப் போவோம். "ன" போய் வரி உளறியது. மிஞ்சிய "தி", "ம்" இரண்டையும் நாமே மறைத்துவிட்டால் "குயில் இங்கு வந்து பாடும்" திரும்பி வருகிறது. இன்னும் கொஞ்சம் இழந்து சட்டகத்தை மீட்பது, அவ்வளவுதான் உத்தி. 48–50 போன பையனின் 397 எழுத்தோடு எக்ஸான் 51-இன் 233-ஐயும் செல் தாண்டச் செய்தால் 630, மூன்றால் சரியாக வகுபடும். எக்ஸான் 52 மட்டும் போனவருக்கு 51-ஐத் தாண்டினாலும் (351) சரி, 53-ஐத் தாண்டினாலும் (330) சரி.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தவை: எக்ஸான் 51-க்கு எட்டிப்ளிர்சென் (2016), 53-க்கு கோலோடிர்சென் (2019), வில்டோலார்சென் (2020), 45-க்கு காசிமெர்சென் (2021). தசையில் டிஸ்ட்ரோஃபின் சிறிது கூடியதைக் காட்டியே இவை விரைவு அனுமதி பெற்றன. நோயைப் பெக்கராக மாற்றிவிடும் என்ற எதிர்பார்ப்போடு போக வேண்டாம். இதயத்துக்கு இவை சரியாகச் சென்று சேர்வதும் இல்லை.

நான்சென்ஸ் மாற்றத்துக்கான அடாலுரென் ஐரோப்பாவில் 2014-ல் நிபந்தனை அனுமதி பெற்றது. 2025-ல் அது புதுப்பிக்கப்படவில்லை. வைரஸ் மூலம் குட்டை மரபணுவைச் செலுத்தும் சிகிச்சை அமெரிக்காவில் 2023-ல் வந்தது. வைரஸ் சுமார் 5,000 எழுத்துதான் சுமக்கும் என்பதால் முழு மரபணு அதில் ஏறாது. எக்ஸான் 8 அல்லது 9 இழப்பு உள்ளவர்களுக்கு அது கொடுக்கக் கூடாது. உடலின் எதிர்ப்பு கடுமையாகிறது. நடை இழந்த சிறுவர் இருவர் ஈரல் செயலிழந்து இறந்ததும் 2025-ல் தெரியவந்தது.

ஸ்டீராய்டு, 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2024-ல் அனுமதியான கிவினோஸ்டாட் என்ற மருந்து இரண்டுக்கும் எந்த எக்ஸான் என்பது பொருட்டில்லை.

கர்ப்பத்திலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

குடும்பத்தின் மாற்றம் முன்பே தெரிந்திருந்தால் முடியும். 10–13 வாரத்தில் நச்சுக்கொடித் திசு, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீர். எடுத்த மாதிரியில் தாயின் செல் கலந்துவிட்டால் முடிவு பிசகும். அந்தச் சோதனையும் சேர்த்துச் செய்யப்படுகிறதா என்று கேளுங்கள். கர்ப்பம் தரித்த பிறகு பையனின் மாற்றத்தைத் தேடத் தொடங்கினால் வாரங்கள் ஓடிவிடும். அந்த வேலையை முன்பே முடித்து, ரிப்போர்ட்டின் அசலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பையன் இப்போது இல்லை. ரிப்போர்ட்டும் இல்லை. தங்கையைச் சோதிக்க முடியுமா?

முதலில், அவனுடைய ரத்தமோ தசைத் துண்டோ டி.என்.ஏ.வோ எந்த லேபிலாவது சேமிப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய தசைத் துண்டின் மெழுகுக் கட்டிகூடப் பல நேரம் உதவும். அது கிடைக்காவிட்டால் தாயை எம்.எல்.பி.ஏ., சீக்வென்ஸிங் இரண்டாலும் சோதிக்க வேண்டும். அவரிடம் மாற்றம் கிடைத்தால் தங்கைக்கு ஆம், இல்லை என்று தெளிவான பதில் வரும். கிடைக்காவிட்டால் தங்கையை நேரடியாகச் சோதிக்கலாம். ஆனால் அவளுடைய "நெகட்டிவ்" ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுதாக நீக்காது, ஏனென்றால் எந்த மாற்றத்தைத் தேடினோம் என்பதே தெரியாது. நோய் முற்றிய பையனின் டி.என்.ஏ.வைச் சேமித்து வைக்கும்படி மருத்துவரிடம் கேட்பது சங்கடமான பேச்சுதான். ஆனாலும் அவன் இருக்கும்போதே கேட்டு வைத்தால், பத்து வருடம் கழித்து அவன் தங்கை கர்ப்பமாகும்போது அந்தச் சிறு குப்பிதான் பதில் சொல்லும்.